மருந்து ஒண்ணுதான், மூச்சு வேற: ரோஜர் ஆல்டூன்யனின் கதை

போன வருஷம் நவம்பர். மறுநாள் செமஸ்டர் எக்ஸாம். ராத்திரி ஒரு மணிக்கு ஹாஸ்டல் கட்டிலில் ரெண்டு கையையும் முட்டியில் ஊன்றி உட்கார்ந்திருந்தேன். வீசிங். எனக்கு அது புதுசு இல்ல, அஞ்சாங்கிளாஸிலிருந்து கூடவே வருது. ஆனா அன்னைக்கு இன்ஹேலர் கேட்கவே இல்ல. ரெண்டு தடவை இழுத்தேன், நாலு தடவை இழுத்தேன், நெஞ்சுக்குள்ள விசில் சத்தம் மட்டும் கூடிக்கிட்டே போச்சு. ரூம்மேட் பைக்கில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான்.

நெபுலைசர் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மூச்சு திரும்பியது. அதுக்கப்புறம் டியூட்டி டாக்டர் ஒரு வேலை சொன்னார். என் இன்ஹேலரை என் கையிலேயே கொடுத்து, நான் தினமும் எப்படி இழுப்பேனோ அப்படியே செஞ்சு காட்டச் சொன்னார். காட்டினேன். ஒரே நிமிஷத்தில் தப்பு எங்கேன்னு அவருக்குப் புரிஞ்சுபோச்சு.

விஷயம் இதுதான். மூணு மாசத்துக்கு முன்னாடி வரைக்கும் நான் ஸ்ப்ரே இன்ஹேலர் வைத்திருந்தேன், கூடவே ஸ்பேசர் என்கிற அந்தப் பெரிய பிளாஸ்டிக் குடுவை. அதை எடுத்தாலே ஹாஸ்டலில் ஃபீடிங் பாட்டில்னு கிண்டல். ஒரு நாள் மருந்துக்கடையில் ஸ்ப்ரே ஸ்டாக் இல்ல. மருந்து ஒண்ணுதானேன்னு சொல்லி, கேப்ஸ்யூல் போட்டு இழுக்கிற மிஷினைக் கொடுத்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான். பாக்கெட்டில் அடங்கும், குடுவை வேண்டாம். ஆனா ஸ்ப்ரேயை எப்படி மெதுவா இழுப்பேனோ, அதே மாதிரியே இந்தப் பவுடரையும் மெதுவா இழுத்துக்கிட்டு இருந்தேன். பவுடர் மிஷினுக்குத் தேவை அதுக்கு நேர் எதிர். மூணு மாசமா மருந்தில் பெரும்பகுதி கேப்ஸ்யூலிலும் என் நாக்கிலும்தான் தங்கியிருக்கு.

மருந்து ஒண்ணுதான். ஆனா மிஷின் வேற. இந்த விஷயத்தை ஒருத்தர் ரொம்ப வருஷத்துக்கு முன்னாடியே தன் சொந்த மூச்சை வைத்துப் புரிஞ்சுக்கிட்டார். எக்ஸாம் முடிஞ்சதும் இந்தப் பவுடர் மிஷின் எங்கிருந்து வந்ததுன்னு தேட ஆரம்பிச்சப்போதான் அவர் எனக்குக் கிடைச்சார். பெயர் ரோஜர் ஆல்டூன்யன். டாக்டர், விமானி, ஆஸ்துமா நோயாளி. நம்ம பாஷையில் சொன்னா, பாதி இன்ஜினியர்.

கதைக்குள் இருந்த பையன்

ரோஜர் 1922இல் பிறந்தார். அப்பா எர்னஸ்ட் ஆல்டூன்யன், ஆர்மீனிய வம்சாவளி டாக்டர். அம்மா டோரா, இங்கிலாந்துக்காரர். குடும்பம் சிரியாவில் இருக்கும் அலெப்போ நகரத்தில் வாழ்ந்தது. அங்கே தாத்தா ஆரம்பித்த ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது, அப்பாவும் அதில்தான் வேலை பார்த்தார். நாலு பெண்கள், ஒரு பையன். அந்த ஒரே பையன்தான் ரோஜர்.

1928இல் குடும்பம் இங்கிலாந்துக்கு வந்தது. வடமேற்கில் ஏரிகள் நிறைந்த லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதியில், கோனிஸ்டன் ஏரிக்கரையில் தங்கினார்கள். குடும்ப நண்பரான ஆர்தர் ரான்ஸம் என்ற எழுத்தாளர் குழந்தைகளுக்குப் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அந்தக் கோடைக்காலம் அவர் மனசில் அப்படியே தங்கிவிட்டது. 1930இல் அவர் எழுதிய 'ஸ்வாலோஸ் அண்ட் அமேசான்ஸ்' என்ற சிறுவர் நாவல் வெளிவந்தது. அதில் வரும் படகோட்டிக் குழந்தைகளுக்கு ஆல்டூன்யன் வீட்டுக் குழந்தைகள்தான் மாடல். மூத்த பெண்ணைக் கதையில் பையனாக மாற்றினார். ஆனா ரோஜரின் பெயரை மாற்றவே இல்லை.

நாவலின் ஆரம்பத்திலேயே ரோஜர் என்ற சின்னப் பையன் மேட்டில் வளைஞ்சு வளைஞ்சு ஓடி வருவான். ஏன் நேரா ஓடல? அவன் தன்னைப் பாய்மரக் கப்பலா நினைச்சுக்கிட்டு இருக்கான். காற்று எதிரில் வீசுது, எதிர்க்காற்றில் பாய்மரக் கப்பல் நேரா போக முடியாது, அதான். பிரிட்டனில் பல தலைமுறைக் குழந்தைகளுக்கு இந்த ரோஜரைத் தெரியும். அந்த நிஜப் பையன் வளர்ந்து, மூச்சுக்காற்றை வைத்து என்ன செய்தான் என்பது அவர்களில் பல பேருக்குத் தெரியாது.

விமானி, டாக்டர், நோயாளி

இரண்டாம் உலகப்போர் நேரத்தில் ரோஜர் ராயல் ஏர் ஃபோர்ஸில் விமானியாக இருந்தார். மற்றவர்களுக்கு விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளராகவும் இருந்தார். ப்ரொப்பெல்லர் எப்படிச் சுழலுது, காற்று அதன் இலைகளில் பட்டால் என்ன ஆகுது, இதெல்லாம் அவருக்குப் புத்தகப் பாடம் இல்லை, கைப்பழக்கம். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

போர் முடிந்ததும் கேம்பிரிட்ஜிலும் பிறகு லண்டனிலும் மருத்துவம் படித்தார். கொஞ்ச காலம் அலெப்போவில் குடும்ப ஆஸ்பத்திரியில் வேலை. 1950களின் நடுவில் அரசியல் நிலைமை மாறி, குடும்பம் சிரியாவை விட்டு வர வேண்டியதாயிற்று. இங்கிலாந்து திரும்பிய ரோஜர், செஷயர் பகுதியில் இருந்த பெங்கர் லேபரட்டரீஸ் என்ற மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். அது ஃபைசன்ஸ் என்ற பெரிய நிறுவனத்துக்குச் சொந்தமானது.

இந்த நேரத்தில் ரோஜருக்கே நல்ல ஆஸ்துமா இருந்தது. தான் வைத்தியம் பார்க்கிற நோயை ராத்திரி தானே அனுபவிக்கிற டாக்டர். அன்றைக்குக் கையில் இருந்த மருந்துகள் பெரும்பாலும் ஒரே வேலையைச் செய்தன. இறுகிப்போன மூச்சுக்குழாய்த் தசையைக் கொஞ்ச நேரத்துக்குத் தளர்த்திவிடும், அவ்வளவுதான். அடுத்த தடவை இறுகாமல் பார்த்துக்கொள்வது எப்படி? அதுக்கு நல்ல பதில் யாரிடமும் இல்லை.

அதே வருஷங்களில், கடலுக்கு அந்தப் பக்கம்

ரோஜரை ஒரு நிமிஷம் செஷயரிலேயே விட்டுட்டு அமெரிக்கா போயிட்டு வரலாம். ஏன்னா இன்னைக்கு நாம கடையில் பார்க்கிற ரெண்டு பெரிய வகை இன்ஹேலரில் ஒண்ணு அங்கேதான் பிறந்தது.

அந்தக் காலத்தில் ஆஸ்துமா மருந்தை உள்ளே இழுக்க, ரப்பர் பல்பு பொருத்திய கண்ணாடி நெபுலைசர் இருந்தது. பல்பைக் கையால் அமுக்க அமுக்க மருந்து தூறலாக வரும். எளிதில் உடையும், ஒவ்வொரு அமுக்கலுக்கும் அளவு மாறும். ரைக்கர் லேபரட்டரீஸ் என்ற நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் மேசனின் 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. ஹேர் ஸ்ப்ரே மாதிரி ஒரு டப்பாவில் என் மருந்தை அடைக்க முடியாதான்னு அந்தப் பொண்ணு அப்பாகிட்ட கேட்டதுதான் ஆரம்பம். 1956இல் முதல் அளவு ஸ்ப்ரே இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது.

வேலை செய்யும் முறை எளிது. உலோக டப்பிக்குள் மருந்தும், அழுத்தத்தில் திரவமாக இருக்கும் ஒரு வாயுவும். அமுக்கினால் வால்வு ஒரே அளவை வெளியே விடும். வெளியே வந்ததும் அந்தத் திரவம் கொதித்து ஆவியாகி, மருந்தை நுண்துளிகளாகச் சிதறடிக்கும். மருந்தைத் தள்ளுகிற சக்தி டப்பிக்குள்ளேயே இருக்கு. நீங்க செய்ய வேண்டியது அமுக்குகிற அதே கணத்தில் மெதுவா, ஆழமா இழுக்கிறது மட்டும்தான்.

அந்த 'மட்டும்தான்'லதான் நிறைய பேர் தோற்கிறோம். அமுக்கின பிறகு இழுத்தாலும் தப்பு, இழுத்து முடிச்ச பிறகு அமுக்கினாலும் தப்பு. கையும் மூச்சும் ஒரே தாளத்தில் வரணும். வேகமா இழுத்தா துளிகள் தொண்டையின் பின்சுவரில் மோதி அங்கேயே ஒட்டிக்கும்.

தன் நெஞ்சிலேயே ஒரு லேப்

இப்போ செஷயருக்குத் திரும்புவோம். எகிப்து, கிழக்கு மத்திய தரைக்கடல் பகுதிகளில் வளரும் ஒரு செடி, தாவரவியல் பெயர் அம்மி விஸ்னாகா. அதன் விதையை நாட்டு வைத்தியத்தில் பல காலமாகப் பயன்படுத்தி வந்தார்கள். அதில் இருக்கும் கெல்லின் என்ற வேதிப்பொருள் தசையைத் தளர்த்தும். ஆனா குமட்டல் தாங்க முடியாது. அதன் அமைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் புதுப் பொருள்களைச் செய்து, ஆஸ்துமாவுக்கு ஏதாவது உதவுமான்னு பார்ப்பதுதான் அந்த லேபின் வேலை.

பார்ப்பது எப்படி? வழக்கமான வழி, கினிப் பன்றிகளிடம் சோதிப்பது. மனுஷ ஆஸ்துமாவும் கினிப் பன்றிக்குச் செயற்கையாக வரவைக்கிற மூச்சுத்திணறலும் ஒண்ணு இல்லை என்பது ரோஜரின் கட்சி. ஆக, சோதனை எலியாக அவரே உட்கார்ந்தார். வேடிக்கை என்னன்னா, கினிப் பன்றிக்கும் இதில் ஒரு பங்கு இருந்தது. அதன் முடியும் தோல் துகளும் ரோஜருக்கு அலர்ஜி. அதை ஊறவைத்து ஒரு சாறு எடுத்து, அந்தச் சாற்றை மூச்சில் இழுத்துத் தனக்குத்தானே வீசிங் வரவைத்துக்கொள்வார். அதுக்கு முன்னாடி சோதிக்க வேண்டிய பொருளை இழுத்திருப்பார். பிறகு ஒரு விநாடியில் எவ்வளவு காற்றை வெளியே ஊத முடியுதுன்னு அளப்பார். ஊதும் அளவு குறையலைன்னா, அந்தப் பொருள் அவரைக் காப்பாத்தியிருக்குன்னு அர்த்தம்.

வாரத்துக்குச் சில முறை, வருஷக்கணக்கில், நூற்றுக்கணக்கான பொருள்கள். ஒவ்வொரு சோதனையும் ஒரு வீசிங். மூச்சு கிடைக்காத ராத்திரி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அதைத் தானே தேதி குறித்து வரவைத்துக்கொள்கிற ஆளை நினைச்சா எனக்கு இப்பவும் என்னவோ பண்ணுது. (இதைப் படிச்சுட்டு யாரும் ஹாஸ்டலில் முயற்சி பண்ணாதீங்க. இன்னைக்கு எந்த எதிக்ஸ் கமிட்டியும் இதை இப்படி அனுமதிக்காது.)

ஒரு கட்டத்தில் ஆஸ்துமா ஆராய்ச்சி போதும்னு நிர்வாகம் முடிவு பண்ணியது. விலங்குச் சோதனையில் பலன் தெரியாத பொருள்களுக்கு எதுக்குச் செலவு? ரோஜரும் சில சக ஊழியர்களும் சத்தம் போடாமல் வேலையைத் தொடர்ந்தார்கள். 1965இல் சோடியம் குரோமோகிளைகேட் என்ற பொருள் கிடைத்தது. தசையைத் தளர்த்தும் சக்தி அதுக்கு இல்லை. வீசிங் வந்த பிறகு இழுத்தால் ஒரு பலனும் இல்லை. ஆனா முன்கூட்டியே இழுத்திருந்தால் அலர்ஜி வந்து தாக்கும்போது மூச்சுக்குழாய் இறுகாமல் காத்தது. அதாவது தீயணைக்கிற தண்ணி இல்ல, தீயே பிடிக்காமல் பார்த்துக்கொள்கிற காவல்.

1967இல் டாக்டர் ஹோவலுடன் சேர்ந்து செய்த நோயாளிகள் மீதான ஆய்வு லான்செட் இதழில் வெளிவந்தது. அடுத்த வருஷம் இன்டால் என்ற பெயரில் மருந்து கடைக்கு வந்தது.

அந்த நேரம் ரொம்ப முக்கியமான நேரம். 1960களில் இங்கிலாந்து உட்படச் சில நாடுகளில் ஆஸ்துமா மரணங்கள் திடீரென்று கூடின. ஐசோப்ரினலின் என்ற தளர்த்தும் மருந்தை அதிகச் செறிவில் அடைத்த ஸ்ப்ரேக்கள் மேல் சந்தேகம் விழுந்தது. உடனே நிம்மதி தருகிற மருந்தையே நம்பி, உள்ளே எரியும் தீயைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது கொடூரமான பாடம். தடுப்பு மருந்து என்ற யோசனைக்கு ரோஜர் கொடுத்த இடத்தின் மதிப்பு அங்கேதான் தெரியுது.

மருந்து இருக்கு, உள்ளே எப்படி அனுப்புறது?

இனிமேல்தான் நம்ம ஏரியா. குரோமோகிளைகேட்டை மாத்திரையாக விழுங்கினால் குடலிலிருந்து ரத்தத்துக்கு அது ஏறுவதே இல்லைன்னு சொல்லலாம். நேரா நுரையீரலுக்குத்தான் அனுப்பணும். ஒரு தடவைக்கு 20 மில்லிகிராம் வேணும். ஸ்ப்ரே டப்பி ஒரு அமுக்கலுக்கு வெளியே விடுவது மிகச் சின்ன அளவு. அதில் இவ்வளவு மருந்தை அடைக்க முடியாது. ஆக, பவுடராகவே இழுக்கணும்.

இழுக்கிற பவுடர் எவ்வளவு நுண்மையா இருக்கணும்? சுமார் 1 முதல் 5 மைக்ரான். அதைவிடப் பெரிசா இருந்தா தொண்டை வளைவில் திரும்ப முடியாமல் மோதிடும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் அரியர் வச்சிருக்கிறவங்களும் இதைக் கேளுங்க: துகளின் விட்டம் ரெண்டு மடங்கானால், வளைவில் திரும்பாமல் நேரே போய் மோதும் போக்கு நாலு மடங்காகும். ரொம்பச் சின்னதா இருந்தா உள்ளே படியாமல் மூச்சோடு வெளியே வந்துடும்.

பிரச்சினை என்னன்னா, அவ்வளவு நுண்ணிய பவுடர் ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கும். மைதா மாவை ஊதிப் பாருங்க, கட்டியாகத்தான் பறக்கும். அதனால் மருந்தோடு லாக்டோஸ் என்ற பால்சர்க்கரையைக் கொஞ்சம் பெரிய துகளாகக் கலந்தார்கள். மருந்து அந்தச் சர்க்கரை மேல் சவாரி செய்யும். காற்று வேகமாக வந்து உலுக்கும்போது மருந்து மட்டும் பிரிந்து நுரையீரலுக்குப் போகும், பெரிய துகள் தொண்டையில் தங்கும்.

உலுக்குவதற்குச் சக்தி எங்கிருந்து வரும்? மோட்டார் இல்ல, வாயு டப்பி இல்ல. நோயாளியின் மூச்சு மட்டும்தான். இந்த இடத்தில்தான் பழைய விமானி எட்டிப் பார்க்கிறார். ஒரு குழாய்க்குள் ஊசி போன்ற அச்சு. அச்சின் மேல் சின்ன ப்ரொப்பெல்லர். அதன் நடுவில் கேப்ஸ்யூல். வெளி உறையை இழுத்துத் தள்ளினால் கேப்ஸ்யூலில் துளைகள் விழும். வாயில் வைத்து இழுத்தால் காற்று ப்ரொப்பெல்லரைச் சுழற்றும், அது அதிரும், பவுடர் துளைகள் வழியே உதிர்ந்து மூச்சோடு போகும். பெயர் ஸ்பின்ஹேலர். ஆஸ்துமாவுக்குப் பெரிய அளவில் புழக்கத்துக்கு வந்த முதல் பவுடர் இன்ஹேலர்களில் ஒண்ணு. இழுக்கும்போதுதான் மருந்து வரும் என்பதால் கையையும் மூச்சையும் ஒரே தாளத்தில் வைக்கும் கஷ்டம் இதில் இல்லை.

பவுடர் மிஷின்களில் பிறகு எத்தனையோ வந்தன. நம்ம ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ரோட்டாஹேலரில் ப்ரொப்பெல்லர் கிடையாது. திருகினால் கேப்ஸ்யூல் ரெண்டாகப் பிரியும். ஆனா அடிப்படை யோசனை அதேதான்: மிஷினை ஓட்டுவது உங்க மூச்சு. நான் மெதுவா இழுத்தபோது என் மிஷின் ஓடவே இல்லை.

அப்போ எது பெஸ்ட்?

ரோஜரோட கதையைப் படிச்ச பிறகு இந்தக் கேள்வியே எனக்குத் தப்பாத் தெரியுது. எந்த இன்ஹேலர் நல்லதுன்னு கேட்காதீங்க. யாருடைய மூச்சுக்குன்னு கேளுங்க.

உங்களால் வேகமா, பலமா, ஆரம்பத்திலிருந்தே இழுக்க முடியும்னா பவுடர் நல்லாவே வேலை செய்யும். இழுக்கும் முன் மூச்சை முழுக்க வெளியே விடணும், ஆனா மிஷினுக்குள் ஊதக் கூடாது, ஈரம் பட்டால் பவுடர் கட்டிப்படும். அதே காரணத்தால் பாத்ரூம் அலமாரியில் வைக்காதீங்க. இழுத்ததும் பத்து விநாடி மூச்சைப் பிடிக்கணும். கேப்ஸ்யூலைத் திறந்து பாருங்க, பவுடர் மிச்சம் இருந்தா இன்னொரு தடவை இழுங்க.

சின்னக் குழந்தைகளுக்கும், மூச்சு பலமில்லாத வயசானவங்களுக்கும், கடுமையான வீசிங் நடுவில் இருக்கிறவங்களுக்கும் அவ்வளவு பலமா இழுக்க வராது. அவங்களுக்கு ஸ்ப்ரேயும் ஸ்பேசரும். ஸ்ப்ரேயை நல்லாக் குலுக்கி, ஸ்பேசருக்குள் ஒரு தடவை அமுக்கி, நாலஞ்சு விநாடி மெதுவா இழுத்து, பத்து விநாடி பிடிக்கணும். ஸ்பேசர் ஒரு காத்திருப்பு அறை மாதிரி. துளிகள் அதில் வேகம் குறைந்து நிற்கும், பெரியவை அதன் சுவரிலேயே ஒட்டிக்கும், தொண்டைக்குப் போவது குறையும். தாளம் தப்பினாலும் மருந்து வீணாகாது. நான் வெட்கப்பட்ட குடுவை அது.

நெபுலைசர் பெரிய மிஷின், அதனால் பெரிய பலன்னு வீட்டில் பல பேர் நினைக்கிறோம். சாதாரண வீசிங்குக்கு, ஸ்பேசரோடு சரியாக இழுக்கும் ஸ்ப்ரே அதே அளவு வேலை செய்யும். நெபுலைசருக்குக் கரண்ட் வேணும், நேரம் வேணும், ஒவ்வொரு தடவையும் சுத்தம் பண்ணணும்.

இன்னும் ரெண்டு விஷயம். ஸ்டீராய்டு இருக்கிற இன்ஹேலர்னா இழுத்த பிறகு வாய் கொப்பளிச்சுத் துப்புங்க, இல்லைன்னா வாயில் பூஞ்சை வரும். அடுத்தது, உடனடி நிம்மதி தரும் இன்ஹேலரை மட்டும் நம்பி ஓட்டாதீங்க. ஆஸ்துமாவுக்கான உலக அளவிலான வழிகாட்டியான ஜினா, பெரியவங்களும் டீன்ஏஜ் பிள்ளைகளும் அப்படித் தனியா அதை மட்டும் எடுக்க வேண்டாம்னு 2019இலிருந்து சொல்லுது. தடுப்பு மருந்து எது, எவ்வளவுன்னு உங்க டாக்டர்தான் முடிவு பண்ணணும். பேச்சு ஒரே மூச்சில் வரலைன்னா, உதடு நீலமானா, இன்ஹேலர் கேட்கலைன்னா, எக்ஸாமாவது ஒண்ணாவது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.

கடைசிப் பக்கம்

ரோஜர் 1987 டிசம்பரில், தன் 65ஆவது வயதில் இறந்தார். அவர் கண்டுபிடித்த மருந்தை இன்று ஆஸ்துமாவுக்கு அதிகம் எழுதுவதில்லை. 1970களில் வந்த ஸ்டீராய்டு இன்ஹேலர்கள் இன்னும் நன்றாகத் தடுத்தன, அந்த இடத்தை அவை எடுத்துக்கொண்டன. குரோமோகிளைகேட் இன்று பெரும்பாலும் அலர்ஜிக் கண் அரிப்புக்குச் சொட்டு மருந்தாகத் தெரியும். ஸ்பின்ஹேலரும் காட்சிப் பொருள் ஆகிவிட்டது. ஆனா நோய் வரும் முன்னே தடுக்கணும், மருந்தை நோயாளியின் மூச்சே சுமந்து போகட்டும் என்ற அவருடைய ரெண்டு யோசனைகளும் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன.

அவர் இறந்த அதே 1987இல், மூணு மாசத்துக்கு முன்னாடிதான் ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஸ்ப்ரே டப்பிகளைத் தள்ளிவந்த சி.எஃப்.சி. வாயுக்கள் அதனால்தான் பின்னாடி ஒழிந்தன. அதுக்குப் பதில் வந்த வாயுவும் ஓசோனைத் தொடாது, ஆனா பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டைஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். பவுடர் மிஷினுக்கு அந்த வாயுவே தேவையில்லை. ரோஜரின் வழி இன்று இன்னொரு காரணத்துக்காகவும் பேசப்படுவது இதனால்தான். ஆனா யாரும் சுற்றுச்சூழலுக்காகத் தானாகவே இன்ஹேலரை மாற்றிக்க வேண்டாம். தானாக மாறிய இன்ஹேலரின் விலை எனக்குத் தெரியும்.

நான் இப்போ எதை வைத்திருக்கேன்னு கேட்பீங்க. இவ்வளவு பவுடர் புராணம் பாடிட்டு, திரும்ப ஸ்ப்ரேக்கும் ஸ்பேசருக்கும்தான் போயிருக்கேன். வீசிங் வந்தால் என் மூச்சு சீக்கிரம் பலம் இழக்குதுன்னு டாக்டர் பார்த்துச் சொன்னார். தினசரி மருந்துக்கு ஒரு வகை, அவசரத்துக்கு இன்னொரு வகைன்னு வைத்தால் பதற்றத்தில் குழம்பிடுவேன்னும் சொன்னார். என் ரூம்மேட்டுக்குப் பவுடர்தான் சரியா வரும்னா, அவனுக்கு அதுதான் பெஸ்ட்.

ஸ்பேசரை இப்போ பெட்டிக்குள் ஒளிச்சு வைக்கிறதில்ல, படிக்கிற மேஜை மேலேயே இருக்கு. கிண்டல் பண்ணினவங்களில் மூணு பேருக்கு அதை எப்படிப் பயன்படுத்தணும்னு சொல்லிக்கொடுத்திருக்கேன், அடுத்த நவம்பரில் நான் திணறினால் யாராவது அமுக்கி விடணும் இல்லையா?

உங்ககிட்ட கேட்கிறது ஒண்ணே ஒண்ணு. உங்களுக்கோ, வீட்டில் அப்பா அம்மாவுக்கோ, தம்பி தங்கைக்கோ இன்ஹேலர் இருந்தா, அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது அதைக் கையோடு எடுத்துட்டுப் போங்க. அவர் எதிரில் ஒரு தடவை இழுத்துக் காட்டுங்க. அவரே கேட்கலைன்னாலும் காட்டுங்க. கடையில் வேற மிஷின் கொடுத்து மருந்து ஒண்ணுதானேன்னு சொன்னா, வாங்கும் முன்னே டாக்டருக்கு ஒரு போன் போடுங்க.